குழந்தை இருக்கிறது, ஒன்றரை ஷிப்ட் முடியாது: என்ன வேலைக்குப் போகலாம்?

கேள்வி: திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் அருகே வசிக்கிறோம். கணவருக்குச் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. மூத்தவள் ஒன்றாம் வகுப்பு, இளையவனுக்கு இரண்டரை வயது. முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் (தைத்த துணியில் பிழை பார்க்கும் வேலை) பார்த்தேன். மறுபடி போகலாமென்றால் எங்கு கேட்டாலும் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை 8.30 முதல் இரவு 8.30 வரை, என்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்யும் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஒரு ஏஜென்ட் 5,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. பணம் கட்டியதும் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பிறகு எழுத்து மங்கிய பக்கங்களைக் கட்டுக்கட்டாக அனுப்பிக் கெடு விதிப்பார்கள். குழந்தை தூங்கிய பின் கண்விழித்து நீங்கள் முடித்துக் கொடுத்தாலும், பிழை அதிகம் என்று கூலியை மறுத்துவிட்டு, ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் என்ற பெயரில் ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி அபராதம் கேட்பார்கள். அந்தத் தாளுக்குப் பயந்து தோட்டை அடகு வைத்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அப்படி ஒரு தாள் வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வேலைக்காகப் பணம் கொடுக்கக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. தையல் தெரிந்த பெண் வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்கு (உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு) தைக்க மெஷின் வாங்குவது செலவுதான், ஆனால் அது ஏமாற்று அல்ல. அதற்கும் கடைக்கு நீங்களே போக வேண்டும், ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மெஷின் உங்கள் வீட்டில் இறங்கிய பிறகே முழுப் பணமும் கைமாற வேண்டும். “மெஷினும் நாங்களே தருகிறோம், வேலையும் நாங்களே தருகிறோம், டெபாசிட் மட்டும் கட்டுங்கள்” என்று ஒருவர் சொன்னால் அது இந்த விலக்கில் வராது. உங்களுக்குத் தெரிந்தது செக்கிங் என்பதால் மெஷினே தேவையில்லை. பிசிர் வெட்டும் வேலையைப் பக்கத்துப் பவர் டேபிளில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடத்தில்) நேரில் கேட்டு வீட்டுக்கு வாங்கி வரலாம். கூலி குறைவுதான்.

இனி கம்பெனி வேலை. காலை 8.30 முதல் இரவு 8.30 வரை என்பது இந்த ஊர் வழக்கமாகிவிட்டதே தவிர, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இரவு 7 மணிக்கு மேல் ஒரு பெண்ணை வேலை வாங்க அவருடைய சம்மதம் வேண்டும். மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். ஆகவே மாலை 5.30-க்கு முடியும் ஒற்றை ஷிப்ட் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை. சீசன் நேரத்தில் செக்கிங்குக்கு ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் தவிக்கும்போது இதைக் கேளுங்கள், ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கம்பெனி வேன் இரவில்தான் திரும்பும் என்பதால், டவுன் பஸ் நிற்கும் சாலையை ஒட்டிய கம்பெனியாகப் பாருங்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்பதும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்பதும் 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதே வந்துவிட்டன. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவை இருக்கின்றன. ஆனால் நான் பார்த்த ஒரு காப்பக அறையில் தொட்டில் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையே பிரிக்கப்படவில்லை, சுவரோரம் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தணிக்கைக்கு ஆள் வரும் அன்று பெட்டிகள் வெளியே போகும், பொம்மைகள் உள்ளே வரும். வருகிறவர்களும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள். அங்கன்வாடி மாலைக்கு முன்பே மூடிவிடுகிறது, கம்பெனி இரவில் விடுகிறது, இடையிலுள்ள நேரத்தில் குழந்தை யாரிடம் இருக்கும் என்று எந்தத் துறையும் கேட்பதில்லை. அதனால் “காப்பகம் இருக்கிறதா?” என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இன்று எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளும் அம்மா யார், மதியச் சோறு யார் ஊட்டுகிறார் என்று கேளுங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அறையைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலைக்குச் சம்மதியுங்கள்.

கம்பெனி கேட்டில் நிற்கும் புரோக்கர் மூலம் உள்ளே போகாதீர்கள். அவர் சேர்க்கும்போது கமிஷன் வாங்குவார், பிறகு சனிக்கிழமைச் சம்பளத்திலும் கை வைப்பார். ஈஎஸ்ஐ, பிஎஃப் இரண்டிலும் உங்கள் பெயரே இருக்காது. கம்பெனியின் மனிதவளப் பிரிவில் நேராகக் கேளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களிலும் கட்டணமில்லாமல் பதியலாம். சேர்ந்ததும் ஈஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால் அந்த எண் உங்களுக்கு இருந்தே ஆக வேண்டும். கணவருடைய ஷிப்ட் மாறும் வாரங்களில் மூத்தவளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆள் இருக்காது என்பதை மட்டும் சேரும் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லி, அந்த நாட்களுக்கான அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.