ஓக் மரமும் விஸ்கியும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மதுபான ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்று மாலை முழுக்க உட்கார்ந்திருப்பேன், கேளுங்கள். ஒன்றே ஒன்று: வடிப்பது எப்படி என்று கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் வடிப்பது நம் மலேசியாவின் 1976 கலால் சட்டப்படி குற்றம். கடையில் வாங்கிய சரக்கை, விஸ்கியைப் போல ஓக் மரத்தில் ஊறவைப்பது பற்றி மட்டும் பேசுவோம். கேட்பவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறிக்கிறேன்.

செந்தூல்: அங்கிள், தோட்டத்திலிருந்து சொந்தக்காரர் இரண்டு போத்தல் வீட்டுச் சரக்கு கொடுத்தார். ஓக் துண்டு போட்டு ஆறு மாதம் வைத்தால் கெடுதல் போய்விடுமாமே?

போகாது. வீட்டுச் சரக்கில் இருக்கக்கூடிய மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலை மரம் எடுக்காது. மரத்தின் கருகிய மேல்பரப்பு கரி போல வேலை செய்து கந்தக வாடையைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆபத்தே அங்கேதான்: வாடை போனதும் சரக்கு சுத்தமாகிவிட்டது என்று நம்பிக் குடிப்பீர்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும், ஆளையும் கொல்லும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கள்ள மது குடித்து வரிசையாகச் செத்தார்களே, மறந்துவிட்டதா? கொட்டிவிடுங்கள். சொந்தக்காரர் கோபித்தால் கோபிக்கட்டும்.

செராஸ்: வோட்காவில் ஓக் போட்டால் உள்ளே என்னதான் நடக்கிறது? எவ்வளவு போடலாம், எத்தனை நாள்?

நல்ல கேள்வி. பச்சை ஓக்கில் துவர்ப்புதான் அதிகம். மணம் வருவது சூட்டால். மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடைந்து, வனிலா வாசமுள்ள வனிலின் தரும். மரத்திலுள்ள இன்னொரு பொருளான ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாகிக் கருகி, பாகு வாசம் தரும். தேங்காய் வாசம் லாக்டோனால் வருவது, அது அமெரிக்க வெள்ளை ஓக்கில் தூக்கலாக இருக்கும். கிராம்பு வாசம் யூஜெனால்.

வறுக்காத துண்டு என்றால் அலுமினியத் தாளில் சுற்றி அடுப்பறை ஓவனில் 180 பாகை செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். முதலில் ஈர மர வாடை வரும், அப்புறம் ரொட்டி வாசம், கடைசியில் வனிலா. அங்கே நிறுத்துங்கள். லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் போதும். கண்ணாடிப் போத்தலாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். கழுத்துவரை நிரப்பாதீர்கள், கொஞ்சம் காற்றும் வேண்டும்.

நாள் கணக்கு கிடையாது, நாக்குக் கணக்குதான். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு கரண்டி எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து சுவையுங்கள். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தது போல ஈறு இழுத்தால் எல்லை தாண்டிவிட்டது. நம் ஊர்ச் சூட்டில் எல்லாம் சீக்கிரம் நடக்கும். சரியாக வந்ததும் துண்டை வெளியே எடுத்துவிட்டு, சரக்கை மட்டும் சில மாதம் சும்மா விடுங்கள்.

பட்டர்வொர்த்: எத்தனை நாள் ஊற வேண்டும்?

செராஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிறை: தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ‘மலேசியன் ஓக்’ துண்டு சும்மாவே கிடைக்கிறது, பயன்படுத்தலாமா?

அது ரப்பர் மரம் தம்பி! விற்பனைக்காக வைத்த பெயர். பூச்சி அரிக்காமல் இருக்க போரான் மருந்தில் ஊறவைத்திருப்பார்கள், மேலே பசை, வார்னிஷ் வேறு. உண்மையான ஓக் மேசையாகவே இருந்தாலும் தளவாட மரம் வேண்டாம். பொருள் அடுக்கும் பேலட் கட்டையும் வேண்டாம். அதில் ‘எம்பி’ முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிகொல்லி நச்சுப் புகை போட்டது என்று அர்த்தம்.

ஜெலுத்தோங்: ஏன் ஓக்கே வேண்டும்? எங்கள் வீட்டுப் பின்னால் பலா மரம் வெட்டினோம். பிரேசில்காரர்கள் கஷாசா என்ற கரும்புச் சாராயத்தை அவர்கள் ஊர் மரத்தில் ஊறவைக்கவில்லையா?

ஊறவைக்கிறார்கள், அம்புரானா, ஜெக்கிச்சிபா என்று. தலைமுறை தலைமுறையாகக் குடித்துப் பார்த்த மரங்கள் அவை. பலாவில் வீணை செய்யலாம். அதன் கட்டையிலிருந்து மஞ்சள் சாயம் எடுத்துப் பிக்குகளின் உடைக்கே போட்டிருக்கிறார்கள். அந்தச் சாயமெல்லாம் நாற்பது சதவீத ஆல்கஹாலில் இறங்கும். நான் குடிக்க மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ்: இது வெள்ளைக்காரன் புத்தி, ஐயா. ஜப்பான்காரன் விஸ்கியை மிசுனாரா மரத்தில் போட்டதும் உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடவில்லையா?

மிசுனாராவும் ஓக்தான்! போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய் வராமல் போகவே அதைப் பிடித்தார்கள். ஒழுகும், தொல்லை பிடித்த மரம். அமெரிக்க வெள்ளை ஓக்கில் நீர்க்குழாய்களை டைலோஸ் என்ற அடைப்பு மூடிக்கொள்ளும், அதனால் ஒழுகாது.

பிரிக்பீல்ட்ஸ்: அப்படியானால் நம் காட்டு மெம்பெனிங் மரம்? அதுவும் ஓக் குடும்பம்தானே?

மடக்கிவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். குடும்பம் அதேதான். ஆனால் மெம்பெனிங் என்பது ஒரே மரத்தின் பெயரல்ல. குவெர்கஸ், லித்தோகார்ப்பஸ் இரண்டு இனத்திலும் பல மரங்களைச் சேர்த்து மரக்கடையில் சொல்லும் பெயர். கையில் இருப்பது எது என்று கடைக்காரருக்கே தெரியாது. இனம் உறுதியான, மருந்து படாத துண்டு கிடைத்தால் எனக்கும் முகர்ந்து பார்க்க ஆசைதான்.

ஜெலுத்தோங்: அப்போ மெம்பெனிங்குக்கு ஒரு நியாயம், பலாவுக்கு ஒரு நியாயமா?

ஆமாம். அடுத்த கேள்வி.

கெப்போங்: ஐந்து லிட்டர் பீப்பாய் வாங்கியிருக்கிறேன். ஸ்காட்லாந்துபோல மூன்று வருடம் வைக்கப் போகிறேன்.

வேண்டாம்! மூன்று வருடம் என்பது அங்கே சட்டம் வைத்த குறைந்தபட்சக் காலம், 700 லிட்டர் வரையுள்ள ஓக் பீப்பாய்க்கு. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பீப்பாய் சுமார் 200 லிட்டர். அதோடு பார்த்தால் உங்கள் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் மூன்றரை மடங்கு மரம் படுகிறது. ஆவியாதல் வேறு: ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம், பெங்களூரு அம்ருத் விஸ்கி ஆலையில் 10க்கு மேல். நம் ஈரக் காற்றில் தண்ணீரைவிட ஆல்கஹால்தான் வேகமாகப் போகும், வீரியமும் இறங்கும். மூன்று வருடம் கழித்துத் திறந்தால் அடியில் கொஞ்சம் துவர்ப்புக் கஷாயம் கிடக்கும். முதலில் தண்ணீர் ஊற்றி மரத்தை உப்பவிடுங்கள், ஒழுகல் நின்றபின் சரக்கு. மாதத்துக்கு ஒரு தரமாவது சுவையுங்கள்.

பத்துமலை: மைக்ரோவேவில் சூடாக்கினால் சீக்கிரம் ஊறுமா?

சீக்கிரம் தீப்பிடிக்கும். ஆல்கஹால் ஆவி பக்கத்தில் எந்தச் சூடும் வேண்டாம்.

ஆயர் ஈத்தாம்: ஷெர்ரி ஒயினில் ஓக் துண்டை நனைத்துப் போடலாமா?

போடலாம், சுவை நன்றாகவே சேரும். சமையல் ஷெர்ரி மட்டும் வாங்காதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

கிள்ளான்: எத்தனை நாள் ஊறவைக்கணும், அண்ணே? அப்புறம் மாமா வடித்த சரக்கு...

முதல் கேள்விக்குச் செராஸ் பதில். இரண்டாவதற்குச் செந்தூல் பதில்.