கோச் ஆவது தோற்றவன் வேலையா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் டல்லாஸில் இருக்கிறேன். என் மகன் கல்லூரி அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் வரை போக முடியாது என்று அவனுக்கே தெரியும். படிப்பை முடித்துவிட்டு கோச் ஆகப் போகிறேன் என்கிறான். ஆட்டத்தில் தேறாதவர்கள்தானே கோச் ஆகிறார்கள்? நீங்கள் ஓர் உரையில் கிராம்ப்ளிங் கல்லூரியின் கோச் எடி ராபின்சனைப் பற்றிச் சொன்னதால் தேடிப் பார்த்தேன். 408 வெற்றிகள், சரி. ஆனால் எல்லாம் சின்னக் கல்லூரிகளோடு. கிராம்ப்ளிங் என்ற சிற்றூரிலேயே 56 வருடம் இருந்துவிட்டார். சம்பளமும் குறைவு. இதில் என்ன எதிர்காலம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்ச நாளாக ராபின்சனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

சம்பளம் குறைவுதான். 1941-இல் அவர் சேர்ந்தபோது மாதம் 63 டாலர் 75 சென்ட். அதற்கு முன் பேட்டன் ரூஜில் ஒரு தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலி. சின்னக் கல்லூரிகளோடுதான் ஆடினார், அதுவும் உண்மை. கிராம்ப்ளிங் கறுப்பினக் கல்லூரி, பெரிய கல்லூரிகள் அவருடைய பையன்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லையே! பெரிய கல்லூரிகளில் ஒன்றான அலபாமாவின் அணியில் முதல் கறுப்பினப் பையன் களமிறங்கியது 1971-இல். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் 'தேறாதவர்' என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. ராபின்சன் கறுப்பினத்தவர், லீலண்ட் கல்லூரியின் குவார்ட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை நடத்துகிற ஆட்டக்காரர். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.-இல் ஒரு கறுப்பினத்தவர்கூடக் கிடையாது. அவர் கல்லூரியை விட்டு வந்தது 1941-இல். எந்தப் பரீட்சையில் அவர் தேறவில்லை என்கிறீர்கள்? தேடிப் பார்த்தேன் என்கிறீர்கள், எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

அந்த 22 வயதுப் பையன் கிராம்ப்ளிங்கில் செய்த வேலையைப் பாருங்கள். மைதானத்தில் புல் வெட்டினார், கோடு போட்டார், பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றினார், ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தியும் அவரே எழுதினார். அப்புறம் சாண்ட்விச். வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் கிளம்பும் முன் சாண்ட்விச் செய்து எடுத்துக்கொண்டு போவார்கள், ஏனென்றால் தென் மாநிலங்களில் வழியோர உணவகங்கள் இந்தப் பையன்களை உட்காரவிடாது. பஸ் நிறைய இருபது வயதுப் பையன்கள், முரட்டு ஆட்டம் ஆடிவிட்டு வருகிறவர்கள், பசி எப்படி இருக்கும்? அந்தப் பசியை முன்கூட்டியே நினைத்து, ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். நான் கோச் வேலை என்று நினைப்பது இதைத்தான். வியூகமெல்லாம் பிறகு. அவருக்கு வியூகமும் தெரியும்: 1942-இல், இரண்டாவது சீசனிலேயே, ஒன்பது ஆட்டத்திலும் வெற்றி, எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

காலையில் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு விடுதி வராந்தாவில் நடப்பார். பயிற்சிக்கு எழுப்ப அல்ல, வகுப்புக்கு எழுப்ப. இதை உங்களுக்காகவே சொல்கிறேன், மகனின் எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்படுகிற அப்பா நீங்கள்.

1949-இல் ராபின்சனின் ஆட்டக்காரர் டாங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குப் போனார். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து என்.எஃப்.எல்.-இல் ஆடிய முதல் ஆள். நீ சறுக்கினால் நம் கல்லூரிகளிலிருந்து இன்னொருவனை எடுக்கமாட்டார்கள் என்று சொல்லித்தான் ராபின்சன் அனுப்பிவைத்தார். யங்கர் சறுக்கவில்லை. பின்னால் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கிராம்ப்ளிங்கிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். என்.எஃப்.எல்.-இன் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை 1988-இல் வாஷிங்டன் அணிக்கு வென்று கொடுத்த டக் வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். ஒரு கறுப்பினக் குவார்ட்டர்பேக் சூப்பர் பௌலில் தொடக்கத்திலேயே ஆட இறங்கியது அதுதான் முதல் முறை.

பெரிய கல்லூரிகள் கதவைத் திறந்ததும் நல்ல பையன்கள் அங்கே போக ஆரம்பித்தார்கள். ராபின்சனின் கடைசி மூன்று சீசன்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். கிழவரை அனுப்பிவிடலாம் என்று அவருடைய ஊரிலேயே பேசினார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை. 1997-இல் அவர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலிக்கு வந்தவர் அதே டக் வில்லியம்ஸ்தான்.

உங்கள் மகன் நல்ல முடிவெடுத்திருக்கிறான். அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள். சம்பளத்தைப் பற்றி எழுதினீர்கள், அவன் அணியில் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று ஒரு வரி எழுதவில்லை. தெரியாதென்றால் அவனிடமே கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கும் போய்விட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்