பெயர் அதே, வாசனை ஏன் வேறு?

கேள்வி: அப்பா 1980களில் துபாயிலிருந்து கொண்டுவந்த ஷனேல் நம்பர் 19 சென்ட் அம்மாவுக்கு உயிர். அதே பெயரில் புதிதாக வாங்கினேன். அந்தப் பச்சைக் கசப்பைக் காணோம். போலியா? மார்த்தாண்டத்தில் ஒருவர் ‘பழைய ஸ்டாக்’ இருக்கிறது, இரட்டை விலை என்கிறார். வாங்கலாமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: வாசனை மாறியதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பழைய ஸ்டாக் வேண்டவே வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்குப் பிடித்த கசப்பு, கால்பனம் என்ற பிசினுடையது. பச்சைத் தண்டை ஒடித்து மூக்கருகே வைத்தது போல எடுத்ததும் சுள்ளென்று ஏறும். அப்புறம்தான் ஐரிஸ் கிழங்கின் பவுடர் மணம், அடியில் ஓக்மாஸின் (ஓக் மரத்தில் பாசி போலப் படர்வது) ஈர வாசம். இன்று பச்சை வாசமும் பூமணமும் கலந்து வரும் சென்ட்டுகளில் நறுக்கிய புல்வாசம் லேசாக வந்து போகும்; மல்லிகையும் மெலிசு; கடைசியில் நிற்பது துவைத்த துணியின் வாசம்.

ஓக்மாஸில் தோல் அலர்ஜி தரும் இரண்டு பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை செய்தது. ‘லில்லி ஆஃப் த வேலி’ பூவின் மணம் தரும் லிலியால் என்ற ரசாயனமும் 2022-ல் தடைக்குள் போனது. தடை சரிதான். ஆனால் கலவையை மாற்றினால் பெட்டியில் ஒரு வரி போட வேண்டாமா? அதைக் கேட்க ஆளில்லை. பழைய பெயர், பழைய பாட்டில், புது விலை!

இந்த மௌனத்தில்தான் ‘பழைய ஸ்டாக்’ வியாபாரம் தழைக்கிறது. காலிப் பாட்டிலில் எதையோ நிரப்பி விற்பவர்கள் உண்டு. சரக்கு அசலாகவே இருந்தாலும், நம் ஊர் வெக்கையில் முதலில் சாவது நீங்கள் தேடும் அந்தப் பச்சை வாசம்தான். மிஞ்சுவது நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி.

ஒரே விதிவிலக்கு, உங்கள் வீட்டு பீரோவிலேயே வெளிச்சம் படாமல் கிடந்த பாட்டில். அதுவும் ஸ்ப்ரே மூடி இறுக்கமாக இருந்தால்தான். கண்ணாடி மூடி என்றால் காற்று புகுந்திருக்கும். குழாயில் தேங்கியதை முதலில் அடித்து வெளியேற்றுங்கள். பிறகு தோலில் வேண்டாம், காகிதத்தில் அடித்து அரைமணி நேரம் விடுங்கள். நெடி அடங்கி ஐரிஸ் மணம் வந்தால் பாட்டில் பிழைத்தது, துணியில் போட்டுக்கொள்ளலாம். நெடி அடங்கவில்லையா, விட்டுவிடுங்கள்.

புதிய பாட்டிலில் ஐயம் இருந்தால், அதன் அடியிலுள்ள பேட்ச் எண்ணும் பெட்டியிலுள்ள பேட்ச் எண்ணும் ஒன்றா பாருங்கள். வேறாக இருந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள். இனி வாங்கும்போது மணிக்கட்டில் அடித்து ஒரு மணி நேரமாவது சுற்றிவிட்டு முடிவெடுங்கள். அன்றைக்குத் தலையில் தோவாளைப் பிச்சிப்பூ மட்டும் வேண்டாம். அதன் முன்னால் எந்த சென்ட்டும் எடுபடாது.