பெடல் ஸ்டீலுக்கு எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர் பெட்டி? – கேள்வி பதில்

பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு (உட்கார்ந்து, கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி, பெடல்களால் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார்) ஆம்ப் வாங்குவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். டெக்சஸில் கண்ட்ரி இசைக் குழுக்களோடு வார இறுதி நடன அரங்குகளில் பல வருடங்களாக வாசிக்கிறேன். இந்த வாத்தியத்துக்காக ஆம்ப்கள் பல வாங்கினேன், பலவற்றை விற்றேன். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆறு மாதமாக ஈ9 சுருதி அமைப்பில் ஸ்டீல் பழகுகிறேன். என்னிடம் 15 வாட் டியூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் இருக்கிறது. சாதாரண கிட்டாருக்கு அருமையாக இருக்கும். ஸ்டீலைச் சொருகினால் மட்டும் கரகரக்கிறது. ஆம்ப் பழுதா?

ஆம்ப்பில் பழுது இல்லை, தம்பி. அது கிட்டாருக்காகச் செய்தது, அவ்வளவுதான்.

உங்கள் வலது கால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மீட்டும்போது வால்யூம் பெடல் பாதிதான் திறந்திருக்கும். ஒலி தேயத் தேய, காலை மெதுவாக அழுத்திக்கொண்டே போகிறோம். அதனால்தான் ஸ்டீலில் ஒரு ஸ்வரம் பாடகர் மூச்சுப் பிடித்துப் பாடுவது போல ஒரே அளவில் நிற்கிறது. அந்த மீதிப் பாதியை ஆம்ப் சுத்தமாகத் தர வேண்டும். 15 வாட் ஆம்ப் பாதியிலேயே தன் எல்லைக்கு வந்துவிடும். போதாததற்கு, பத்துக் கம்பி ஸ்டீல் பிக்கப்கள் (கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் சுருள்கள்) சாதாரண கிட்டார் பிக்கப்பைவிட அதிகச் சுற்றுகளோடு, பலமான சமிக்ஞை தருபவை.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். ஸ்டீலின் அழகே, ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்து ஸ்வரம் பெடலில் வழுக்கிக்கொண்டு போவது. ஆம்ப் சிதைய ஆரம்பித்தால், அந்த இரண்டு ஸ்வரங்களின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய ஒலிகள் உள்ளே நுழையும். வழுக்கும் ஸ்வரத்தோடு அவையும் நகரும். கேட்பவருக்கு ஏதோ சுருதி சேரவில்லை என்று தோன்றும். நீங்கள் சரியாகத்தான் வாசித்திருப்பீர்கள். கிட்டார்காரர் ஆசைப்பட்டுத் தேடும் அந்தக் கரகரப்பு, நமக்குப் பெரும்பாலும் எதிரி. (தேவாலயங்களில் வாசிக்கப்படும் சேக்ரட் ஸ்டீல் மரபு வேறு. ராபர்ட் ராண்டால்ஃப் போன்றவர்கள் அந்தக் கரகரப்பை வைத்தே பிரமாதமாக வாசிக்கிறார்கள்.)

வீட்டில் பழக 15 வாட் போதும், ஒலியைக் குறைத்து வையுங்கள். டிரம்ஸோடு வாசிப்பதாக இருந்தால் என் கணக்கு இது: டியூப் என்றால் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் மாதிரி 85 வாட். சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர் ஆம்ப்) என்றால் சின்ன இடத்துக்கு 80, நிம்மதியாக இருக்க 200. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும், அதாவது காதுக்குக் கொஞ்சம்தான். அதனால் 80க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 12 இன்ச் ஸ்பீக்கரா, 15 இன்ச்சா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நீங்கள் வாசிக்கும் கம்பிகளைக் கேளுங்கள், அவையே சொல்லும்.

ஈ9 டியூனிங்கில் அடிக்கம்பி பி ஸ்வரம், ஏறக்குறைய 123 ஹெர்ட்ஸ். நல்ல 12 இன்ச் ஸ்பீக்கர் அதைச் சிரமமில்லாமல் தரும். சி6 என்ற இன்னொரு டியூனிங் உள்ள கழுத்தில் அடிக்கம்பி சி, 65 ஹெர்ட்ஸ். வழக்கமான எட்டாவது பெடலை மிதித்தால் அது ஏ வரை, 55 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பாஸ் கிட்டாரின் எல்லைக்குள் வந்துவிட்டோம். அங்கே 15 இன்ச்சின் பரப்பு தேவை. வெஸ்டர்ன் ஸ்விங், ஜாஸ் என்று சி6 பக்கம் போகிறவர்கள் 15ஐ விடாமல் பிடித்திருப்பது இதனால்தான்.

ஆனால் ஈ9 மட்டும் வாசிப்பவர்களும் 15ஐ விரும்புகிறார்களே என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. பெரிய கூம்பு மேல் அதிர்வெண்களை லேசாக மழுங்கடிக்கும். மூன்றாவது கம்பி ஜி ஷார்ப் மெல்லிய ஒற்றைக் கம்பி, காதைக் குத்தும் குணம் உள்ளது. 15 இன்ச்சில் அது உருண்டு வரும். 1950களின் தொடக்கத்தில் பாப் குரூக்ஸ் கலிஃபோர்னியாவில் செய்த ஸ்டாண்டெல் ஆம்ப்பில் ஜேபிஎல்லின் 15 இன்ச் டி130 இருந்தது. ஸ்டீல் கலைஞர் ஸ்பீடி வெஸ்ட் போன்றவர்கள் அதை வைத்து வாசித்த நாளிலிருந்தே, ஸ்டீல் என்றால் 15 என்ற பழக்கம் வேரூன்றிவிட்டது.

12இன் பலம் எடை குறைவு, துடிப்பு அதிகம். எனக்கு இப்போது முதுகு முக்கியமாகிவிட்டதால் சின்ன நிகழ்ச்சிகளுக்கு 12தான் எடுத்துப் போகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். ராக் கிட்டாருக்கான ஸ்பீக்கர்கள் சீக்கிரம் சிதைய வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவை. 25, 30 வாட் மட்டும் தாங்கும் அந்த வகையை ஸ்டீலுக்கு வாங்காதீர்கள். எமினென்ஸ் நிறுவனம் பெடல் ஸ்டீலுக்கென்றே ஈபிஎஸ்-15சி, ஈபிஎஸ்-12சி என்று இரண்டு செய்திருக்கிறது. 15 இன்ச் வகை 300 வாட் தாங்கும். யோசிக்காமல் வாங்கலாம்.

கேள்வி: பழைய பீவி நாஷ்வில் 400 ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கவா, இல்லை புதிய கிளாஸ் டி (எடை குறைந்த நவீன வகை) ஆம்ப் வாங்கவா?

மிசிசிப்பி மாநிலம் மெரிடியனில் இருந்து வந்த பீவி, ஸ்டீல்காரர்களை ஒரு தனிக் கூட்டமாக மதித்து அவர்களுக்கென்றே ஆம்ப் செய்த நிறுவனம். முதலில் செஷன் 400, அப்புறம் நாஷ்வில் 400. 15 இன்ச் பிளாக் விடோ ஸ்பீக்கர், 4 ஓமில் 210 வாட். அமெரிக்காவில் எத்தனையோ மேடைகளில் ஸ்டீலுக்குப் பின்னால் நின்ற பெட்டி அது.

அதன் மிட் (நடு அதிர்வெண்) குமிழ்தான் அதன் ரகசியம். மிட்டை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்பதற்கு ஒரு குமிழ், அதை எந்த அதிர்வெண்ணில் செய்வது என்பதற்கு ‘ஷிஃப்ட்’ என்று இன்னொன்று. ஸ்டீலில் 800 ஹெர்ட்ஸ் பக்கம் மூக்கால் பேசுவது போல ஒரு ஒலி உண்டு. ஷிஃப்டை அங்கே வைத்து மிட்டைக் குறைத்தால், ரெக்கார்டுகளில் கேட்ட அந்த ஒலி வந்து நிற்கும். நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்த இரவில் தூங்கப் போகவே மனம் வரவில்லை.

ஆனால் அது நாற்பது வருடப் பெட்டி. வாங்கியதும் மின்தேக்கிகளை மாற்ற ஒரு செலவு இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ரிவெர்ப் (எதிரொலி) வேலை செய்கிறதா, குமிழ் திருப்பினால் கரகரக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையால் தூக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளாஸ் டி பக்கம் குவில்ட்டரின் டோன்பிளாக் மாதிரி 200 வாட் தலைகள் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்கள்) 2 கிலோ அளவில் கிடைக்கின்றன. சுத்தமான ஒலி, பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் தலை மட்டும் வாங்கினால் ஒலி வராது. மீதிப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் வையுங்கள். நல்ல ஸ்பீக்கரில் சுமாரான ஆம்ப் நன்றாகவே பேசும், மோசமான ஸ்பீக்கரை எந்த ஆம்ப்பாலும் காப்பாற்ற முடியாது. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு ஒலி தரும் என்ற அளவு) 97 டெசிபலில் இருந்து 100 ஆனாலே, வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் கிடைத்துவிடும்.

உங்கள் ஊரில் ஆம்ப் பழுது பார்க்க நல்ல ஆள் இருந்தால் பீவி. இல்லாவிட்டால் கிளாஸ் டி.

கேள்வி: என் ஆம்ப்பில் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது 4 ஓம் ஸ்பீக்கர். வெளியே ஒரு 8 ஓம் பெட்டியும் சேர்த்தால் என்ன?

சேர்க்காதீர்கள். இணையாகச் சேரும்போது 2.67 ஓம் ஆகிவிடும், ஆம்ப் தாங்கும் அளவுக்குக் கீழே. சூடாகி அணையும், அல்லது டிரான்சிஸ்டர் போகும். இரண்டு ஸ்பீக்கர் வேண்டுமென்றால் இரண்டும் 8 ஓமாக இருக்கட்டும், இணையாக 4 வரும்.

டியூப் ஆம்ப் என்றால் இதைவிடக் கவனம். ஸ்பீக்கர் சொருகாமல் டியூப் ஆம்ப்பை வாசிக்கவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஆம்ப்புக்கும் பெட்டிக்கும் நடுவே கிட்டார் ஒயரைப் போடுவதையும் பார்க்கிறேன். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதன் உள்ளே உள்ள கம்பி மெல்லியது. ஸ்பீக்கர் ஒயரைத் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: பெட்டியை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். பின்பக்கம் மூடியதா, திறந்ததா?

நல்ல யோசனை. திறந்த பெட்டியில் ஒலி பின்னாலும் பரவி அறையை நிரப்பும். மேடையில் நம் காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் அடி ஒலி கொஞ்சம் தளரும். மூடிய பெட்டியில் அடி இறுக்கமாக, தெளிவாக வரும், ஒலி ஒரே திசையில் போகும். ஈ9க்குத் திறந்ததும், சி6க்கு மூடியதும் என் விருப்பம். பின்பலகையை மூன்று துண்டாகச் செய்து நடுத்துண்டைத் திருகாணியில் கழற்றும்படி வைத்தால், இரண்டையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

மூடிய பெட்டியை ரொம்பச் சின்னதாகச் செய்வதுதான் பலர் செய்யும் தவறு. 15 இன்ச் ஸ்பீக்கரை நெருக்கமான பெட்டியில் அடைத்தால், காற்று வில் மாதிரி திருப்பித் தள்ளும். அடிக்கம்பிகள் ‘பூம் பூம்’ என்று ஒரே குரலில் பேசும். ஸ்பீக்கர் நிறுவனமே தரும் கன அளவைப் பாருங்கள். 15 இன்ச்சுக்கு முன்பலகையில் வெட்டும் வட்டம் ஏறக்குறைய 14 அங்குலம். உங்கள் ஸ்பீக்கரை அளந்துவிட்டு வெட்டுங்கள். துகள் பலகை வேண்டாம், நல்ல பிளைவுட் போதும்.

கேள்வி: சார், சென்னையிலிருந்து கேட்கிறேன். உறவினர் அமெரிக்காவிலிருந்து ஒரு ட்வின் ரிவெர்ப் கொண்டுவருகிறார். இங்கே அப்படியே சொருகலாமா?

கூடவே கூடாது. அமெரிக்காவில் விற்கப்படும் ட்வின் 120 வோல்ட்டுக்கானது. இந்தியாவின் 230 வோல்ட்டில் சொருகினால் அந்த நொடியே போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 500 விஏக்குக் குறையாமல். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அதனால் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் சற்றுக் கூடுதலாகச் சூடாகும். பின்பக்கம் காற்றோட்டம் விட்டு வையுங்கள். மூன்று முனை பிளக்கில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீல்காரரின் கையில் எப்போதும் உலோகம் இருக்கிறது.

ஏறக்குறைய 30 கிலோ எடையையும் உறவினர் யோசித்தாரா? சில கிளாஸ் டி ஆம்ப்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்கும். பின்பக்கம் எழுதியிருக்கும். இன்னும் வாங்கவில்லையென்றால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆம்ப் நல்லதுதான். ஆனாலும் ஒலி ஒருநேரம் கீச்சென்று, ஒருநேரம் போர்வை மூடியது போல. எங்கே தவறு?

இரண்டுக்கும் வேறு வேறு காரணம் இருக்கலாம்.

போர்வை மூடியது போல இருப்பது பெரும்பாலும் வால்யூம் பெடலால். உள்ளே ரெசிஸ்டர் பாட் (மாற்றக்கூடிய மின்தடை) வைத்த பழைய முறைப் பெடல், பாதி திறந்திருக்கும்போது, பிக்கப்பின் மேல் ஒலிகளை விழுங்கும். நீண்ட ஒயர் இருந்தால் இன்னும் மோசம். ஸ்டீலுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு பஃபர் (சமிக்ஞை தேயாமல் காக்கும் சின்னக் கருவி) வைத்தால் திரை விலகினாற்போல் இருக்கும்.

கீச்சென்று இருந்தால், ட்ரெபிளைத் தொடுவதற்கு முன் ஆம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாம் உட்கார்ந்து வாசிக்கிறோம். ஸ்பீக்கர் தரையில் நேராக நின்றால் மேல் ஒலிகள் நம் காலுக்குப் போகும். அது தெரியாமல் ட்ரெபிளை ஏற்றுவோம். முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்ப்பைச் சாய்த்து, நாலைந்து அடி பின்னால் வையுங்கள். ட்வினில் பிரைட் சுவிட்சை அணைத்து, ட்ரெபிள் 5, மிட் 3, பாஸ் 4 என்று ஆரம்பித்துப் பாருங்கள். குழுவோடு வாசிக்கும்போது மிட்டைக் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும். தனியாக வாசிக்கும்போது இனிக்கும் ஒலி, குழுவில் காணாமல் போகும்.

கேள்வி: பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 காட்டும், 4 ஓம் 3 காட்டும். ஒன்றுமே காட்டவில்லையென்றால் சுருள் அறுந்திருக்கிறது. பிறகு கூம்பின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக, சமமாக அழுத்துங்கள். உரசல் கேட்டால் விட்டுவிடுங்கள். கூம்பு மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். நான் ஒரு கடையில் டி130 என்று நம்பி வாங்கியதில் கூம்பு வேறு எதற்கோ உரியது. அந்தக் கண்ணாடி போன்ற மேல் ஒலி அதில் இல்லவே இல்லை. உண்மையான பழைய டி130 கிடைத்தாலும், இன்றைய 200 வாட் ஆம்ப்பில் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: கீபோர்டு ஆம்ப் போதாதா?

அவசரத்துக்குப் போதும். ஒலி சுத்தமாகவே இருக்கும். உள்ளே இருக்கும் ட்வீட்டரை (மேல் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) அணைக்கவோ குறைக்கவோ வழி இருந்தால் அதைச் செய்யுங்கள். ஸ்டீலின் மேல் ஒலி ட்வீட்டரில் ஊசியாக வரும்.

கேள்வி: உட்கார்ந்ததும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். எந்த ஆம்ப் வாங்கினால் போகும்?

ஆம்ப் மாற்ற வேண்டாம். பெரும்பாலான ஸ்டீல்களில் ஒற்றைச் சுருள் பிக்கப்தான், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தால் இரையும். ஆம்ப்பைப் பிக்கப்பிலிருந்து தள்ளி, எதிர்ப்பக்கம் வையுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் எழுந்து, ஸ்டீலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஒரு கோணத்தில் சட்டென்று அடங்கும். அங்கே நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.