தூண்டில் கேள்வி–பதில்: டிரவுட்டுக்குப் போகிறீர்களா? தெர்மாமீட்டரை மறக்காதீர்கள்

கேள்வி: ஊட்டியில் டிரவுட் என்ற குளிர்நீர் மீன் வளர்கிறதே, ஏற்காடு ஏரியில் விட்டால் வளராதா? இங்கேயும் குளிர்தானே! விட்டால் சேலத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம்.
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ஏற்காட்டில் நீங்கள் ஸ்வெட்டர் போடுவது காற்றுக்காக. டிரவுட் கணக்குப் பார்ப்பது தண்ணீரை. வானவில் டிரவுட் நன்றாக இரையெடுக்க 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். 20-ஐத் தாண்டினால் சோர்ந்து ஒதுங்கும். 25-ஐத் தாண்டிச் சில நாள் நீடித்தால் பிழைக்காது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். ஏரியோ ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத நீர்; சித்திரை வெயிலில் மேல்மட்டம் எளிதாக அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

இன்னொரு சிக்கல் பிராணவாயு. கடல்மட்டத்தில் 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வரை பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 25 டிகிரி ஆனால் 8-தான். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் ஏற்காட்டு உயரத்தில் அது 7-க்கும் கீழே இறங்கும். அதிலும் பாசி மண்டிய தண்ணீரில் விடியற்காலையில் இன்னும் குறையும். டிரவுட்டுக்கு 6-க்குக் கீழே போனாலே திணறல்.

நீலகிரியில் 1860-களில் செய்த முதல் முயற்சிகள் நிலைக்கவில்லை. மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் பொறுப்பில் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகே வானவில் டிரவுட் வேரூன்றியது. அங்கே மீன் வாழும் ஓடைகள் பெரும்பாலும் 2,000 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் இருப்பவை. கூழாங்கல் தரை, வற்றாத ஓட்டம். முட்டை பொரிக்க 10 டிகிரி தண்ணீரில் சுமார் ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் முழுக்கக் கற்களுக்கு இடையே புது நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஓடைகள் கோடையில் நூலாகிவிடுகின்றன. கிளியூர் அருவியே ஏரி நிரம்பி வழிந்தால்தான் கொட்டும். ஆகவே அலைய வேண்டியதுதான்.

கேள்வி: மேட்டூரில் பத்துக் கிலோ கட்லா தூக்கிய தூண்டில் கம்பி என்னிடம் இருக்கிறது. அதையே அவலாஞ்சிப் பக்கம் எடுத்துப் போகலாமா? இரண்டு நாள் பயணத்துக்கு வேறென்ன வேண்டும்?
– வாசகர், மேட்டூர்

பதில்: கம்பியை வீட்டிலேயே விடுங்கள். 0.40 மி.மீ. நரம்பு (தூண்டில் நைலான் இழை) போட்ட கனமான ராடால் 3 கிராம் ஸ்பின்னரை (சுழலும் தகடு கொண்ட செயற்கை இரை) வீசவே முடியாது, பத்தடியில் விழும். நீலகிரி ஓடை டிரவுட் பெரும்பாலும் கால் கிலோ, அரைக் கிலோ ஆசாமிகள். தெளிந்த தண்ணீரில் அவற்றுக்குத் தடித்த நரம்பு பளிச்சென்று தெரியும்.

ஆறு முதல் ஏழடி லைட் ஸ்பின்னிங் ராடு, 1000 அல்லது 2000 அளவு ரீல், 4 முதல் 6 பவுண்டு நரம்பு (0.18 முதல் 0.22 மி.மீ.), 0 முதல் 2 எண் வரை ஸ்பின்னர் ஆறேழு போதும். வெயிலுக்கு வெள்ளி நிறத் தகடு, மேகமூட்டத்துக்குச் செம்பு நிறம். மூன்று முள் ஸ்பின்னரை வாங்கினால் இரண்டை வெட்டிவிட்டு, மிச்சமிருப்பதன் கொக்கியை (முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் பல்) குறடால் நசுக்கிவிடுங்கள். மீனைக் கழற்றுவது சுலபம். உங்கள் விரலில் ஏறினாலும் அதே சுலபம். ஈ போலக் கட்டிய செயற்கை இரையை வீசும் ஃபிளை முறையில் பழக விரும்பினால் எட்டரை அல்லது ஒன்பதடி, 4 அல்லது 5 எண் ராடு, ஒன்பதடி லீடர் (முனையில் கட்டும் மெல்லிய நரம்பு), 12 முதல் 16 எண் வரை ஈக்கள்.

ரீலின் டிராக் என்ற திருகை நரம்பின் பலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். 4 பவுண்டு நரம்பு சுமார் 1.8 கிலோ தாங்கும். நரம்பு முனையை மளிகைக்கடை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்தால் 450 கிராமில் ரீல் நரம்பை விட வேண்டும். முடிச்சு இறுக்கும்முன் எச்சில் தொட்டு ஈரப்படுத்துங்கள். உலர்ந்த நைலான் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலமிழக்கும்.

அடுத்து அனுமதி. மீன்பிடி உரிமத்துக்கு ஊட்டி மீன்வளத்துறை அலுவலகம். ஓடை காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி தனி. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எந்த நீர்நிலை திறந்திருக்கிறது, எத்தனை மீன் எடுக்கலாம், குறைந்த நீளம் என்ன என்பதைக் கிளம்பும் முன்பே தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முக்குர்த்தி தேசியப் பூங்காவுக்குள் யாரோ கூட்டிப்போகிறேன் என்றால் போகாதீர்கள். வெளியூர் வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

காலம்: ஆடி, ஆவணியைத் தவிருங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்தப் பருவத்தில் ஓடை கலங்கி, ஸ்பின்னர் மீனின் கண்ணிலேயே படாது. வழுக்குப் பாறையில் உங்கள் உயிருக்கும் உத்தரவாதமில்லை. சேலத்திலிருந்து மண்புழு, குட்டி மீன் என்று உயிர் இரை எதையும் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கில்லாத நோயும் உயிரினமும் அப்படித்தான் குடியேறும்.

கேள்வி: ஸ்பின்னர் போட்டு அரை மணியில் நரம்பு முறுக்கிக்கொண்டு சுருள் சுருளாக வெளியே வருகிறது. ரீல் பழுதா?
– வாசகர், ஓமலூர்

பதில்: ரீலைப் பிரிக்காதீர்கள். ஸ்பின்னருக்கு ஒன்றரை அடி மேலே நல்ல ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) ஒன்று கட்டுங்கள்; பத்து ரூபாய் ஸ்விவல் பாரம் ஏறினால் சுழலாது. வீசியதும் பெயில் கம்பியை (ரீலில் நரம்பைத் தாங்கும் வளைகம்பி) கைப்பிடி சுற்றி மூடாமல் கையால் மூடுங்கள், நரம்பை ஒருமுறை விரலால் இழுத்துவிட்டுப் பிறகு சுற்றுங்கள். நரம்பு சுற்றும் ஸ்பூலை விளிம்பு வரை நிரப்பாமல் 2 மி.மீ. குறைவாக நிரப்புங்கள். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது நீங்களும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பல முறுக்கு ஏறும். ஏறிய முறுக்கை எடுக்க, முனையில் எதுவும் கட்டாமல் நரம்பை ஓடும் நீரில் ஐம்பது மீட்டர் விட்டு இரண்டு நிமிடம் கழித்துச் சுற்றுங்கள்.

கேள்வி: ராத்திரி தங்குமிடத்தில் மற்ற தூண்டில்காரர்களோடு உட்கார்ந்தால் ஆளுக்கொரு கதை. மூன்று கிலோ, நான்கு கிலோ, எட்டுக் கிலோ என்கிறார்கள். தப்பித்த மீன்தான் எப்போதும் பெரியது. இதில் எதை நம்புவது, எதைக் கற்றுக்கொள்வது?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: எடைக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. மூக்கு நுனி முதல் வால் கவை வரை நீளம். முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் சுற்றளவு. இரண்டும் செ.மீ.யில். நீளத்தைச் சுற்றளவால் பெருக்கி, மறுபடி சுற்றளவால் பெருக்கி, 28,900-ஆல் வகுத்தால் கிலோ. 40 செ.மீ. நீளம், 20 செ.மீ. சுற்றளவு என்றால் 16,000. வகுத்தால் சுமார் 550 கிராம். இப்போது இரண்டடி நீளம், எட்டுக் கிலோ என்று ஒருவர் சொன்னால் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 60 செ.மீ. மீன் எட்டுக் கிலோ நிற்க அதன் சுற்றளவு 62 செ.மீ. இருக்க வேண்டும். நீளத்தைவிடச் சுற்றளவு அதிகம், பூசணிக்காய் மாதிரி! டிரவுட் போல உருண்டு நீண்ட உடலுக்கு இது நன்றாகப் பொருந்தும். பக்கவாட்டில் தட்டையான கட்லாவுக்குப் பிசகும். போட்டோவை நம்பாதீர்கள். கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் கால் கிலோ முக்கால் கிலோவாகும். பிடித்திருக்கும் விரல் எவ்வளவு பருத்துத் தெரிகிறது என்று பாருங்கள்.

தப்பித்த மீன் கதையைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். நமக்கு உபயோகம் அதில்தான் அதிகம். ‘நரம்பு முனையைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. ஐந்து சுற்றுக்குப் பதில் மூன்று சுற்றியிருப்பார், அல்லது ஈரப்படுத்தாமல் இறுக்கியிருப்பார். கடைசி ஓரடி சொரசொரவென்று இருந்தால் பாறையில் உரசி அறுந்தது. அரை மணிக்கு ஒருமுறை அந்த ஓரடியை விரலிடுக்கில் இழுத்துப் பார்த்து, சொரசொரத்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவதுதான் மருந்து. முனை சொரசொரப்பும் சுருளும் இல்லாமல், மேலே நல்ல நரம்பிலேயே பட்டென்று அறுந்திருந்தால் டிராக் இறுக்கம். முள் நிமிர்ந்து வந்திருந்தாலும் அதேதான். நரம்பும் முள்ளும் அப்படியே இருக்க மீன் மட்டும் போனதென்றால், மீன் குதித்தபோது நரம்பு தொய்ந்திருக்கும். கொக்கி நசுக்கிய முள்ளுக்குத் தொய்வு ஆகாது.

பிடித்த கதையில் இடத்தைக் கேட்காதீர்கள். யாரும் உண்மையைச் சொல்லப்போவதில்லை, கேட்பதும் அழகில்லை. எத்தனை மணி, தண்ணீர் எத்தனை டிகிரி, கலங்கலா தெளிவா, மடுவின் தலையிலா (நீர் நுழையும் முனை) வாலிலா (வெளியேறும் முனை), ஸ்பின்னர் என்ன எண், ஓட்டத்தோடு இழுத்தாரா எதிர்த்தா என்று கேளுங்கள். இந்த ஆறுக்கும் பட்டென்று பதில் சொல்பவரிடம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம். தண்ணீர்ச் சூட்டைச் சொல்லாத கதையால் மறுநாள் உங்களுக்குப் பயனில்லை. காலை ஏழு மணிக்கு 12 டிகிரியில் ஸ்பின்னரைக் கவ்விய மீன், மதியம் 19 டிகிரியில் அதே இடத்தில் இருக்காது; அது வெள்ளை நுரை விழும் மடுவின் தலைக்கோ நிழலுக்கோ போயிருக்கும். மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால் கீழ்ப்பக்கமிருந்து குனிந்து அணுகி, மேல்நோக்கிக் குறுக்காக வீசி, ஓட்டத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்ற வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கரையில் நிமிர்ந்து நிற்பவருக்கு எந்த ரகசியமும் உதவாது.

கேள்வி: பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்ட மீன் நீந்திப் போகிறது. கொஞ்ச நேரத்தில் கீழே செத்து மிதக்கிறது. ஏன்?
– வாசகர், ஆத்தூர்

பதில்: அதிக நேரம் ஆடவிட்டிருக்கிறீர்கள், அல்லது தண்ணீர் சூடு. 20 டிகிரி காட்டினால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள், விடுவித்தாலும் பிழைப்பது சந்தேகம். கையை நனைத்துப் பிடியுங்கள், உலர்ந்த கை வழவழப்பை உரித்தால் பூஞ்சை பிடிக்கும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள், வயிற்றைப் பிசையாதீர்கள். தண்ணீருக்கு வெளியே பத்து விநாடி, அவ்வளவுதான் போட்டோவுக்கு. விடும்போது முகம் ஓட்டத்தைப் பார்க்கட்டும். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், தானே வாலடித்துப் போகும்வரை பிடித்திருந்தால் போதும். முள்ளை விழுங்கிவிட்டால் பிடுங்காமல் நரம்பை வாயருகே வெட்டுங்கள்.

கேள்வி: சேலத்திலேயே பழக இடம் உண்டா?
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: வீச்சுக்குத் தண்ணீரே வேண்டாம். முள் இல்லாமல் 5 கிராம் ஈயம் கட்டி, காலி மைதானத்தில் பத்து மீட்டரில் பழைய சைக்கிள் டயரைப் போட்டு, பத்துக்கு ஏழு அதற்குள் விழும்வரை வீசுங்கள். மீனோடு பழக வேண்டுமென்றால் ஏரிக் குத்தகைதாரரைக் கேட்டுவிட்டு, அதே மெல்லிய நரம்பில் ஜிலேபிக் கெண்டை பிடியுங்கள். மெல்லிய நரம்பில் அவசரப்படாமல் இழுக்கும் கைப்பழக்கம் அதில் வந்துவிடும்.

கேள்வி: அனுமதித்த அளவுக்கு மீன் எடுத்தால் சேலம் வரை கெடாமல் கொண்டுவருவது எப்படி? செதில் உரிக்க வேண்டுமா?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: செதில் பொடியானது, உரிக்க வேண்டாம். பிடித்த இடத்திலேயே செவுளையும் குடலையும் எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கறுத்த இரத்தக் கோட்டைக் கரண்டிக் காம்பால் சுரண்டிவிடுங்கள். கசப்பும் வாடையும் அங்கிருந்துதான். கழிவை ஓடையில் போடாதீர்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், பெட்டியின் அடித்துளை திறந்திருக்கட்டும், மீன் உருகிய நீரில் ஊறக் கூடாது. வீட்டில் உப்பு, மிளகு, கொஞ்சம் மஞ்சள் போதும். ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு நன்றாகக் காய்ந்த கல்லில் போடுங்கள், இல்லையென்றால் தோல் ஒட்டிக்கொள்ளும். முக்கால் சாண் மீனுக்குப் பக்கத்துக்கு நான்கு நிமிடம். புளிக்குழம்புக்கு மேட்டூர் கெளுத்தியே மேல்.