பேறுபெற்றோர் யார்? மலைப்பொழிவு பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

மலைமீது இயேசு 'இன்னின்னார் பேறுபெற்றோர்' என்று சொன்ன, மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தின் 3 முதல் 12 வரையான வசனங்களைச் சில வாரங்களாகச் சேர்ந்து வாசித்தோம். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். நான் குருவானவர் அல்ல, நெடுங்காலம் மறைக்கல்வி படிப்பித்தவன், அவ்வளவுதான்.

தாண்டவன்வெளியிலிருந்து: அம்மா மெதடிஸ்த, அப்பா கத்தோலிக்கர். அம்மாவின் வேதாகமத்தில் 'பாக்கியவான்கள்', அப்பாவின் விவிலியத்தில் 'பேறுபெற்றோர்'. எது சரி?

இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்புத்தான் மகள். அந்தச் சொல் மக்காரியோஸ். 'பாக்கியம்' என்றதும் லொத்தர் விழுந்தவன் நினைவுக்கு வருகிறான், அதனால் என் ஓட்டு 'பேறுபெற்றோர்' பக்கம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கல்யாண வீட்டில் 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்கிறோமே, பேறு என்றால் நமக்கு அதுதான்: பிள்ளை, பொன், நெல், நோயற்ற உடம்பு. இயேசுவின் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நல்லாயிருப்பவரைக் 'கொடுத்துவைத்தவர்' என்றும் சொல்வோம். முன்பு கொடுத்தது இப்போது திரும்பி வருகிறது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. இயேசுவோ கொடுத்துவைக்கக் கையில் எதுவும் இல்லாதவர்களைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொன்னார்.

அதே மகள் திரும்பவும்: 'இரக்கமுடையோர் இரக்கம் பெறுவர்' என்பது கொடுத்து வாங்கும் கணக்குத்தானே?

நல்ல பிடி! ஆனால் மத்தேயு 18ஐயும் சேர்த்து வாசியுங்கள். அங்கே வரும் உவமையில் ஒரு பணியாளனின் பத்தாயிரம் தாலந்துக் கடனை, தீர்க்கவே முடியாத பெருந்தொகையை, அரசன் முதலில் மன்னிக்கிறான். சக பணியாளனுக்கு இரக்கம் காட்டும் கடமை அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் பெற்றவன் அவன்தான்.

காத்தான்குடி நண்பர்: நாங்கள் 'பறக்கத்' என்கிறோம். அதுவும் இதுவும் ஒன்றா?

சொல்லளவில் இல்லை தம்பி. எபிரேயத்தில் இரண்டு சொற்கள் உண்டு. 'பாரூக்' என்பது ஆசி பெற்றவர், உங்கள் பறக்கத்தும் அதே வேரில் பிறந்ததுதான். 'அஷ்ரே' வேறு. அது ஆசி கூறுவதில்லை, ஒருவரின் நிலையைப் பார்த்து 'அவருக்கு என்ன குறை!' என்று வியப்பது. திருப்பாடல்கள் தொடங்குவதே அந்தச் சொல்லோடுதான். அதைக் கிரேக்கத்தில் மக்காரியோஸ் என்று பெயர்த்தார்கள். ஆகவே மலையில் இயேசு ஆசீர்வாதம் வழங்கவில்லை, கட்டளையும் போடவில்லை. 'இவர்களைப் பாருங்கள்' என்று கைகாட்டினார்.

கல்முனை: இயேசு சொன்ன பேறுகள் எட்டா, ஒன்பதா?

வழக்கமாக எட்டு. ஒன்பதாவது 'நீங்கள்' என்று சீடர்களை நேரே பார்த்துச் சொல்வதால் அதை எட்டாவதின் விரிவாகக் கொள்வார்கள். லூக்காவில் நான்குதான், கூடவே நான்கு 'ஐயோ கேடு'களும் உண்டு.

திருக்கோவில்: நான் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவன். ஏழை பேறுபெற்றவன் என்றால் இப்படியே கிடக்கச் சொல்கிறாரா?

இல்லை அண்ணன். இந்த வசனத்தைக் காட்டிக் கூலியைக் குறைப்பவர் இருந்தால் அவருக்கு லூக்கா 6:24ஐ வாசித்துக் காட்டுங்கள்: செல்வர்களுக்கு ஐயோ கேடு. கிரேக்கத்தில் கூலி செய்து பிழைக்கும் ஏழைக்குப் 'பெனேஸ்' என்று ஒரு சொல் இருந்தது. இங்கே வருவது 'ப்டோகோஸ்', கையேந்துவதைத் தவிர வேறு வழியில்லாதவர். வறுமை நல்லது என்று சொல்லவில்லை, அப்படிப்பட்டவருக்குத்தான் விண்ணரசு உரியது என்கிறார். மத்தேயு 'ஏழைகள்' என்பதோடு 'உள்ளத்தில்' என்று சேர்த்தது, கடவுள் முன் தானும் வெறுங்கையன் என்று அறிந்தவரையும் உள்ளே கொண்டுவர. வயிற்றுப் பசியை மறக்கடிக்க அல்ல.

அக்கரைப்பற்று மாணவன்: கனிவுடையோர் நாட்டை உரிமையாக்குவார்களாம். எங்கள் பக்கம் காணி பிடிப்பவர்கள் கனிவானவர்களாகத் தெரியவில்லையே?

சிரித்துவிட்டேன் தம்பி. ஆனால் அந்த வரி திருப்பாடல் 37இலிருந்து வருகிறது. தீயோர் செழிப்பதைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களுக்காகப் பாடிய பாடல் அது, உன் கேள்விதான் அதன் கேள்வியும். கனிவு என்றால் பயந்து ஒதுங்குவது என்று நினைக்காதே. எண்ணிக்கை 12:3 மோசேயை உலகிலேயே மிகச் சாந்தமானவர் என்கிறது. பார்வோன் முன் போய் நின்றவர் அவர்.

புளியந்தீவு: யாரோடும் சண்டைக்குப் போகாமல் இருந்தால் அமைதி ஏற்படுத்துவோர் ஆகிவிடுவோமா?

கிரேக்கச் சொல்லுக்குள்ளேயே 'செய்கிறவர்' இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய இயேசு சபைக் குரு யூஜின் ஹேபேர்ட்டை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1990 ஆகஸ்ட் 15இல், கலவரத்தின் நடுவே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவேயில்லை. சும்மா இருந்திருந்தால் அவருக்கு அந்தப் பயணமே இல்லை.

நாவலடி அம்மா ஒருவர்: சுனாமியில் என் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். துயருறுவோர் பேறுபெற்றோர் என்று பூசையில் வாசிக்கும்போது கோபம்தான் வருகிறது. இது பாவமா?

பாவமில்லை அக்கா. அந்த வசனத்தில் உள்ள கிரேக்கச் சொல் பெரும்பாலும் செத்தவருக்காக அழும் அழுகையைக் குறிக்கும். அழாதே என்றோ, இது நன்மைக்கே என்றோ இயேசு சொல்லவில்லை. முதலாவதிலும் எட்டாவதிலும் 'விண்ணரசு அவர்களுக்கு உரியது' என்று நிகழ்காலத்தில் சொன்னவர், இங்கே 'ஆறுதல் பெறுவர்' என்று எதிர்காலத்தில் சொல்கிறார். ஆறுதல் இன்னும் வரவில்லை என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். யார் தருவார் என்று சொல்லாமல் விட்டால் கடவுள்தான் தருபவர், அது யூதர் பேசும் முறை. லாசரின் கல்லறையில் அவரும் அழுதார். டிசம்பர் 26 வரும்போது சொல்லியனுப்புங்கள், நானும் கடற்கரைக்கு வருகிறேன்.