பழைய அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்கள் ரசிகர்களைச் சொந்தமாகப் படைக்கத் தூண்டுவது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் தரும் விடை, அத்தொடர்களின் கற்பனை வளம் என்பதாகும். எனக்கு அதில் அவ்வளவாக உடன்பாடு இல்லை. நான் பல ஆண்டுகளாக ஊன்றிக் கவனித்து வந்திருப்பது டாக்டர் ஹூ என்ற ஒரு தொடரைத்தான் என்பதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன். காலத்தைக் கடந்து பயணிக்கும் டாக்டர் என்ற நாயகரைப் பற்றி, 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய அத்தொடரின் ரசிகர்களில் இத்தனை பேர் எழுத்தாளர்களாகவும் ஒலிக்கலைஞர்களாகவும் ஆனதற்கு, அதில் இருந்தவற்றைக் காட்டிலும் இல்லாமற்போனவையே பெரிய காரணம் என்று எண்ணுகிறேன்.

2006ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக எடின்பரோவில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டு உரிமையாளர் பணி ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். கூடத்து அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் பழைய ஒலிநாடாக்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி எழுதி வைத்திருந்தார். சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைப் பிடித்துக்கொண்டு டாக்டர் ஹூவை அவர் பதிவு செய்த நாடாக்கள் அவை. ஒரு நாடாவில், கதையின் உச்சகட்டத்தில், சாப்பிட வரச்சொல்லி அவருடைய தாயார் அழைக்கும் குரலும் பதிந்திருந்தது. அதை எனக்குப் போட்டுக் காட்டும் ஒவ்வொரு முறையும் அவர் சிரிப்பார்.

அந்த நாடாக்களுக்கு அவர் கொடுத்த மதிப்பின் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அத்தொடரின் முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான கறுப்பு வெள்ளைப் பகுதிகள் பலவற்றைப் பிபிசி பின்னாளில் அழித்துவிட்டது. ஒளிநாடா அன்று விலை மிகுந்த பொருள் என்பதால் பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. நடிகர் சங்கத்துடன் செய்திருந்த ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பை மட்டுப்படுத்தியிருந்தன. நிகழ்ச்சியை விலைக்கு வாங்கி வீட்டில் பார்க்கும் காலம் இன்னும் வந்திருக்கவில்லை. இன்றும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் கிடைக்கவில்லை. ஆயினும் அவை அனைத்தின் ஒலியும் இருக்கிறது, எங்கள் வீட்டுக்காரரைப் போன்ற சிறுவர்கள் ஆங்காங்கே பதிவு செய்து வைத்திருந்ததால்.

ஒலி மட்டும் கையில் இருந்தால் என்ன செய்வது? ஜான் குரா என்ற புகைப்படக்காரர், ஒளிபரப்பின்போது தொலைக்காட்சித் திரையையே படமெடுத்து, இயக்குநர்களுக்கும் நடிகர்களுக்கும் விற்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். அவர் எடுத்த படங்களையும் வீட்டு ஒலிப்பதிவுகளையும் இணைத்து, தொலைந்த பகுதிகளை ரசிகர்கள் மீட்டுருவாக்கினார்கள். 1964இல் வந்த மார்க்கோ போலோ கதையின் ஏழு பகுதிகளும் தொலைந்தவை, அதையும் விடவில்லை. வெற்று வீடியோ கேசட்டும் அஞ்சல் செலவும் அனுப்பியவர்களுக்குக் காசு வாங்காமல் பிரதியெடுத்துக் கொடுத்தார்கள். இந்த வேலையில் மறைமுகமாக ஒரு பயிற்சி இருக்கிறது. ஒலிப்பதிவில் பத்து விநாடி மௌனம் வந்தால், அங்கே ஒருவன் கதவை நோக்கி நடக்கிறானா, இருவர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்பதை வசனத்தைக் கொண்டு ஊகித்து, பொருத்தமான படத்தை அந்த இடத்தில் வைத்தாக வேண்டும். ஒரு காட்சி எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகப் படித்தவர்கள், சொந்தமாக ஒரு காட்சியைக் கட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

அடுத்தது புத்தகங்கள். வீடியோ வீடுகளுக்கு வருவதற்கு முன் பழைய கதைகளை மறுபடியும் அனுபவிக்க ஒரே வழி, 1973 முதல் டார்கெட் என்ற பெயரில் வெளிவந்த மெல்லிய நாவல் வடிவங்களே. தொடரின் கதை ஆசிரியராக இருந்த டெரன்ஸ் டிக்ஸ் மட்டும் அவற்றில் அறுபதுக்கு மேல் எழுதியிருக்கிறார். திரையில் அட்டைச் சுவர் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். புத்தகத்தில் அதே நகரம் ஆயிரம் கோபுரங்களுடன் நிற்கும். பிரம்மாண்டத்துக்குப் பணம் வேண்டியதில்லை, பேனா போதும் என்பதைப் பத்து வயதில் அறிந்துகொண்ட ஒரு தலைமுறை அப்படி உருவானது. (1973இல் ரேடியோ டைம்ஸ் என்ற நிகழ்ச்சி வழிகாட்டி இதழ் வெளியிட்ட பத்தாம் ஆண்டுச் சிறப்பிதழில் டாக்டரின் எதிரிகளான, உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகளில் ஒன்றைச் செய்வதற்கான வரைபடமே இருந்தது. அதைப் பாராட்டி ஆசிரியருக்குக் கடிதம் எழுதிய கிளாஸ்கோப் பையனின் பெயர் பீட்டர் கபால்டி. 2013இல் டாக்டர் வேடத்துக்குத் தேர்வானவர் அவரேதான்.)

1989இல் தொடர் நிறுத்தப்பட்டது. 1996இல் வந்த ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தைத் தவிர்த்தால், 2005 வரை திரையில் புதிய தொடர் எதுவும் இல்லை. என் பதிலின் மையம் இந்த இடைவெளிதான். 1991இல் வர்ஜின் பதிப்பகம் டாக்டரின் புதிய சாகசங்களை நாவல்களாக வெளியிடத் தொடங்கியபோது, அதன் ஆசிரியர் பீட்டர் டார்வில் எவன்ஸ் அதுவரை ஒரு நூலும் வெளியிடாதவர்களின் கைப்பிரதிகளையும் வரவேற்றார். சைக்ளோஸ்டைல் செய்த ரசிகர் இதழ்களில் கதை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்படி ஒரு கதவு திறந்தது. மார்க் கேட்டிஸ் 1992இலும், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேட் ஓர்மன் 1993இலும் அதன் வழியாக உள்ளே வந்தார்கள். பின்னாளில் தொடரையே உயிர்ப்பித்த ரஸ்ஸல் டி டேவிஸ் 1996இல் அந்த வரிசைக்கு ஒரு நாவல் எழுதினார்.

இவர்களில் பால் கார்னெலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரசிகர் இதழில் தாம் எழுதிய கதையிலிருந்து தம் முதல் நாவலை உருவாக்கியவர் அவர். 1992இல் டாக்டருக்குத் துணையாக பெர்னிஸ் சம்மர்ஃபீல்ட் என்ற தொல்லியல் ஆய்வாளரைப் படைத்தார். இருபத்தாறாம் நூற்றாண்டுக்காரி, குடிப்பாள், குத்தலாகப் பேசுவாள், தன் நாட்குறிப்பில் பிடிக்காத பக்கங்களின்மேல் மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டி வேறு மாதிரி எழுதி வைப்பாள். டாக்டர் பிபிசியின் சொத்து, ஆனால் பெர்னிஸ் கார்னெலின் சொத்து. 1997இல் வர்ஜினின் உரிமம் முடிவுக்கு வந்து டாக்டரை இழந்தபோது, அவர்கள் கடையை மூடவில்லை; பெர்னிஸையே நாயகியாக்கி நாவல் வரிசையைத் தொடர்ந்தார்கள். மறு ஆண்டு பிக் ஃபினிஷ் என்ற சிறு நிறுவனம் அவளை வைத்து ஒலிநாடகங்கள் தயாரித்தது. அவற்றின் தரமே 1999இல் டாக்டர் ஹூ ஒலிநாடகங்களுக்கான உரிமத்தைப் பெற்றுத் தர உதவியது. இரவலாகப் பெற்ற உலகத்தில் பிறந்த ஒரு பாத்திரம், இரவல் கொடுத்தவர் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பின்னும் சொந்தக் காலில் நின்றதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கார்னெல் 1995இல் எழுதிய மற்றொரு நாவலில், டாக்டர் தம் நினைவுகளைத் துறந்து சாதாரண மனிதராகி, முதல் உலகப் போருக்குச் சற்று முன் ஓர் ஆங்கிலேயப் பள்ளியில் ஆசிரியராக வாழ்ந்து, ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எந்தத் தயாரிப்பாளரும் இத்தகைய கதைக்கு இசைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே கதையை 2007இல் டேவிட் டென்னன்ட் டாக்டராக நடிக்கத் திரைக்காகக் கார்னெலே மாற்றி எழுதினார். இறுதிக்காட்சி முடிந்ததும் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். வெகு நேரம் திரும்பவில்லை.

ஒலியின் பக்கமும் இப்படித்தான். எண்பதுகளில் ஆடியோ விஷுவல்ஸ் என்ற பெயரில் சில இளைஞர்கள் உரிமம் ஏதுமின்றிக் கேசட்டில் டாக்டர் நாடகங்கள் தயாரித்தார்கள். அவற்றில் டாக்டராக நடித்த நிக்கலஸ் பிரிக்ஸ், 2005 முதல் திரையில் டாலெக்குகளுக்குக் குரல் கொடுக்கிறார். ரிங் மாடுலேட்டர் என்ற கருவியின் வழியே குரலைச் செலுத்தி அந்தக் கரகரப்பை உண்டாக்குகிறார். 2013இல் லீட்ஸைச் சேர்ந்த பில்லி ஹான்ஷா, கடிகாரப் பற்சக்கரங்கள் சுழலும் தொடக்கக் காட்சி ஒன்றைத் தாமாகவே தயாரித்து யூடியூபில் ஏற்றினார். மறு ஆண்டு தொடரின் தொடக்கக் காட்சியே அந்தக் கருத்தின்மீது அமைந்தது.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொடரிலும் இதற்கு இணையானது உண்டு. ரசிகராக இருந்த ரொனால்ட் டி மூர், படப்பிடிப்புத் தளத்தைப் பார்க்கப் போனபோது தம் திரைக்கதையைக் கொடுத்துவிட்டு வந்தார். அது 1989இல் ஒளிபரப்பானது. பிறகு அவரே பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற பழைய தொடரைப் புதிதாக உருவாக்கினார். ஆனால் 2016இல் ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்கள் ரசிகர் படங்களுக்கு விதித்த நெறிமுறைகள் ஒரு கதையைப் பதினைந்து நிமிடத்துக்குள், அல்லது இரு பகுதிகளாக முப்பது நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்கின்றன. பலர் சினந்தார்கள், சினத்தில் நியாயமும் இருந்தது. இருப்பினும், அனுமதி மறுக்கப்படும் இடத்தில்தான் ஒருவர் தம் பாத்திரங்களுக்குச் சொந்தப் பெயர் வைக்கத் தொடங்குகிறார் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

என் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. ஊர் திரும்பிய பின் தமிழில் நாற்பது நிமிட ஒலிநாடகம் ஒன்று எழுதினேன். முதல் வரைவில் டாக்டரின் காலப்பயண ஊர்தியான டார்டிஸ் என்ற நீலப் பெட்டியும் இருந்தது, டாக்டரும் இருந்தார். படித்துப் பார்த்த என் தங்கை, "அண்ணா, அந்தப் பெட்டியை எடுத்துட்டா கதையில என்ன மிச்சம்?" என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தேன், மூன்று பக்கம்தான் மிஞ்சியது. தொலைந்துபோன ஒலிநாடாக்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஓர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரைப் பற்றிய பக்கங்கள் அவை. இப்போதைய நாடகம் முழுவதும் அந்த மூன்று பக்கங்களிலிருந்து வளர்ந்ததே. டார்டிஸ் கிளம்பும் ஓசையை 1963இல் பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவின் தந்திகளில் சாவியை இழுத்து உண்டாக்கினார். எங்கள் வீட்டில் பியானோ இல்லை. நாடகத்தில் பேருந்து காலத்தைக் கடக்கும் இடத்தில் நீங்கள் கேட்பது, சாளரக் கம்பிகளின்மேல் என் தங்கை தேய்க்கும் தோசைத் திருப்பியின் ஓசை, பாதி வேகத்தில்.